பெயரில் நிற்கும் மரங்கள்

கெடிலம் ஆறு வடக்கு நோக்கித் திரும்பியோடும் திருவந்திபுரத்தில், கோயிலுக்கு எதிரே செம்மண் குன்றொன்று உள்ளது. வடமொழியில் ஔடதகிரி என்பர். மருந்துமலை என்பது பொருள். மண நாள்களில் அவ்வூரில் மாலை மாற்றிக்கொள்ளும் இணையர் நூற்றுக்கணக்கினர். அனுமன் சுமந்து சென்ற மலையினின்று உதிர்ந்த துண்டே அக்குன்று என்னும் கதையை அறியாதார் அக்கூட்டத்தில் ஒருவரும் இலர். ஆனால், குன்றின்மேல் இன்று முளைத்து நிற்கும் செடிகொடிகளுள் ஐந்தின் பெயரைத் தமிழில் சொல்லத் தக்கார் எத்துணைப் பேர்? கதை காலூன்றிவிட்டது, செடி கண்ணுக்குப் படாமற் போய்விட்டது.

கடலூர் மாவட்டம் இவ்வகையில் வியப்பானதோர் நிலம். மரமும் செடியும் ஊர்ப்பெயரில் நிற்கின்றன. ஊரில் அவற்றைத் தேடவேண்டியுள்ளது. நெல்லிக்குப்பம் என்றால் கரும்பாலைதான் நினைவிற்கு வருகின்றது. ஆற்றோடு கிழக்கே சென்றால் திருப்பாதிரிப்புலியூர். பாதிரி என்பது நறுமணப் பூப்பூக்கும் மரம். அவ்வூர்க் கோயிலுக்குரிய மரமும் அதுவே. அவ்வூர்த் தொடர்வண்டி நிலையத்தில் நாள்தோறும் அப்பெயரைப் படித்துக் கடப்போர் பலர். பாதிரி யாது எனக் கேட்டால் அவருட் பலர் கிறித்தவப் பாதிரியாரைத்தான் காட்டுவர்!

இவற்றிற்கெல்லாம் தலையாயது தில்லை. சிற்றம்பலம் என்னும் நற்றமிழ்ச் சொல் சிதம்பரமாகத் திரிந்த கதையைத் தமிழறிஞர் பலகாலும் எடுத்துக்காட்டியுள்ளனர். அவ்வூர்க்குத் தில்லை என்னும் பழம்பெயரைத் தந்த மரத்தைப் பற்றிப் பேசியவர் குறைவு. இன்று அந்நகரத்துத் தெருக்களில் தில்லைக்காடு இல்லை. கிழக்கே ஏறத்தாழ 15 கி.மீ. தொலைவிலுள்ள பிச்சாவரத்துக் கழிகளிலேதான் அம்மரத்தைக் காணவேண்டும்.

தில்லையின் பட்டையைக் கீறினாலும் இலையைக் கிள்ளினாலும் வெண்பால் வடியும். அப்பால் தோலிற் பட்டால் கொப்புளம். கண்ணிற் பட்டால் கடும் எரிச்சலும் சிலகாலம் பார்வையின்மையும் உண்டாகும். மேலை நாட்டு நிலைத்திணையியலார் இதற்கு இட்ட எக்சிகேரியா என்னும் இலத்தீனப் பெயரின் பொருளும் 'குருடாக்குவது' என்பதே. ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு. இலைகள் உதிருமுன் செந்நிறம் பெறும். உவர்நீர் ஏறி இறங்கும் நிலத்தில், பெரும்பாலும் கரையை அடுத்த மேட்டுப் பகுதியில் வளர்வது இதன் இயல்பு. அவ்வாறாயின், தில்லைவனம் என்று பெயர்பெற்ற ஊரின் அருகே ஒருகாலத்துக் கழியின் நீர் ஏறி இறங்கியிருத்தல் கூடும் என்று கருத இடமுண்டு. கல்வெட்டுச் சொல்லாத நிலவரலாற்றை ஓர் ஊர்ப்பெயர் சுட்டிக்காட்டுகின்றது, கேட்பாரைத்தான் காணோம்.

வெள்ளாற்று முகத்திற்கும் கொள்ளிட முகத்திற்கும் இடையே ஏறத்தாழ 1,100 எக்டேர் பரப்பில் விரிந்து கிடப்பது பிச்சாவரம். 1975-இல் வெளிவந்த 'இதயக்கனி' திரைப்படத்திற் கண்டே பலர் அதனை அறிந்தனர். படகேறிப் படமெடுத்துத் திரும்புவோர்க்கு அது வெறும் பச்சைச் சுவர். உற்றுநோக்குவார்க்கோ அஃதோர் அறிவியற்கூடம். சுரபுன்னை தன் தண்டினின்று வில்போல் வளைந்த முட்டுவேர்களை இறக்கிச் சேற்றில் ஊன்றிக்கொள்கின்றது. அதன் விதை, தாய்மரத்தில் இருக்கும்போதே முளைத்து நீண்ட கோல்போல் தொங்கிப் பின்னரே நீரில் விழுகின்றது. வெண்கண்டலோ, காற்றுப் புகாத சேற்றினின்று எழுதுகோல்களை நட்டாற்போல் மூச்சுவேர்களை மேலே நீட்டுகின்றது. உறிஞ்சிய உப்பை இலைவழியே வெளியேற்றுகின்றது. வெயிலில் அவ்விலையை நக்கிப் பார்த்தால் உவர்க்கும். (தில்லை இலையை அவ்வாறு நக்கிவிடற்க!)

இக்காட்டிற்குத் தமிழ்மக்கள் இட்ட பெயர் அலையாத்தி. அலையை ஆற்றுவது என்று அதற்குப் பொருள் கூறுவர். கழக இலக்கியத்து நெய்தற் பாடல்கள் கண்டலை ஊர்க்கு வேலியாகவே பேசுகின்றன. ஐங்குறுநூற்றில் தில்லைக்கும் அச்சிறப்பு உண்டு. இத்துணைப் பொருள்பொதிந்த சொல்லிருக்க, 'மாங்குரோவ்' என்று பலகையில் எழுதிவைப்பது எவ்வகை அறிவு?

26-12-2004 அன்று ஆழிப்பேரலை எழுந்தது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் அறுநூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் பன்னாட்டு ஆய்வாளர் இக்கடற்கரையின் செயற்கைக்கோட் படங்களை முன்னும் பின்னுமாக ஒப்பிட்டு 2005-இல் வெளியிட்ட ஆய்வில், பிச்சாவரக் காட்டிற்கு முன்னே கடலை ஒட்டியிருந்த சிற்றூர்கள் இரண்டு முற்றும் அழிந்தமையும், காட்டிற்குப் பின்னேயிருந்த மூன்று அழிவின்றித் தப்பியமையும் கூறப்பட்டன. பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடலுயிரியல் மையத்தாரும் 18 சிற்றூர்களை ஆய்ந்து, காடு காத்தது என்றே எழுதினர்.

முன்னோர் இட்ட பெயரை மேலையறிவியல் மெய்ப்பித்துவிட்டது என்று துள்ளுவார் ஒரு சொல் கேட்கவேண்டும். அந்த 18 ஊர்களின் கணக்கையே 2006-இல் வேறு சிலர் மீண்டும் ஆராய்ந்தனர். கடலினின்று ஊருள்ள தொலைவும் நிலத்தின் உயரமுமே பெரும்பங்கு காத்தன, காட்டின் தனிப்பங்கு மிகச்சிறிது என்று மறுத்தனர். இவ்வழக்கு எளிதில் தள்ளத்தக்கதன்று. மூங்கிற்படல் போன்ற வேர்த்தொகுதி நாளலையின் விசையைக் குறைக்கும். மண் அரிக்காமல் பிடிக்கும். இறாலுக்கும் மீன்குஞ்சிற்கும் வளர்ப்பிடமாகும். இவற்றில் ஐயமில்லை. ஆனால், 'காடிருக்கின்றது, அஞ்சற்க' என்று மீனவர்க்குச் சொல்லி, மேட்டில் வீடும் முன்னெச்சரிக்கையும் தராமல் விடுவது கொடுமை. அலையாத்தி என்றுதான் பெயர் வைத்தனர். அலைமறிக்கும் மலையென்று வைத்திலர்.

இனி, இக்காட்டைக் கெடுத்தது கடலன்று, கோடரி. ஆங்கிலர் ஆட்சியில் தொடங்கி, விடுதலைக்குப் பின்னும் 1970கள் வரை, காட்டைப் பாத்திபாத்தியாகப் பிரித்து அடியோடு வெட்டி விற்கும் முறை அரசுத் துறையாலேயே கைக்கொள்ளப்பட்டது. மரம் போன சேறு வெயிலிற் காய்ந்து தாழ்ந்து தொட்டிபோல் ஆயிற்று. ஏற்றத்தில் உட்புகுந்த நீர் வற்றத்தில் வெளியேறாமல் தேங்கியது, வெயிலில் வற்றியது, உப்பு ஏறியது, அங்கு விதை விழுந்தும் முளைத்திலது. சுற்றுச் சிற்றூரார் விறகு வெட்டியதும் ஆடுமாடு மேய்த்ததுமே கரணியம் என்று நெடுங்காலம் பழி கூறப்பட்டது. ஏழையின் மேற் பழிபோடுதல் எளிதன்றோ!

1990களில் எம்.எசு. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் இம்மெய்ம்மையைக் கண்டு, காட்டுத்துறையுடனும் சிற்றூர் மக்களுடனும் கூடி, மீன்முள் வடிவில் வாய்க்கால்களை வெட்டினர். நடுவே ஒரு பெருவாய்க்கால், இருமருங்கும் சாய்வாகக் கிளைகள். ஏற்றநீர் உட்சென்று வற்றநீரோடு திரும்பியது, உப்புக் குறைந்தது, நட்ட கன்றுகள் தழைத்தன. மண்வெட்டி பிடித்தவர் முன்பு பழிசுமந்த அதே சிற்றூரார்.

அவ்வாய்க்கால்கள் ஒருமுறை வெட்டினால் என்றும் நிற்பன அல்ல. ஏற்றநீர் கொணரும் வண்டலால் தூர்ந்துவிடும். மீண்டும் மீண்டும் தூர்வாரவேண்டும். படகுத்துறையில் வாங்கும் கட்டணத்தில் ஒரு பங்கைத் தூர்வாருவோர் கூலிக்கென்று ஒதுக்குவதும், வாய்க்காற் கரைதோறும் சுரபுன்னை, வெண்கண்டல், கருங்கண்டல், தில்லை எனத் தமிழிற் பெயரெழுதி நடுவதும் அரசால் ஆகாத செயல்கள் அல்ல. தில்லையின் பலகையில் மட்டும், பால் கண்ணிற் படாமற் காக்க என்று ஒரு வரி கூடுதலாக எழுதப்பட வேண்டும்.