மாலையில் வரும் யூனிட்டின் விலை

வீட்டு பேட்டரியிலிருந்து மின்வாரியத்துக்கு மின்சாரம் கொடுப்பவருக்கு ஊக்கத்தொகை தருவது வசதி படைத்தவருக்கு வாரி வழங்குவதாகும் என்கிறார்கள். யாருக்குக் கொடுக்கிறோம் என்று கேட்பவர்கள், எந்த நேரத்தில் வாங்குகிறோம் என்று கேட்பதில்லை. திருவண்ணாமலையில் கார்த்திகை தீபம் ஏற்றுவது மாலை ஆறு மணிக்கு; பௌர்ணமிக் கூட்டம் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை நிறைப்பதும் பெரும்பாலும் இரவில்தான். மின்சாரம் அதிகம் தேவைப்படும் அந்நேரம் கூரைமேல் இருக்கும் சோலார் தகடுகள் கைவிரித்துவிடும். நெட் மீட்டரிங் முறையிலோ நண்பகலில் கொடுத்த யூனிட்டும் இரவில் எடுத்த யூனிட்டும் ஒன்றுக்கொன்று கழிந்துவிடுகின்றன. அப்புறம் எவர் பேட்டரி வாங்குவார்? 2024-இல் வந்த பிரதமரின் சூர்ய கர் திட்டத்திலும் 78,000 ரூபாய் வரையிலான மானியம் தகட்டின் திறனை வைத்தே கணக்கிடப்படுகிறது. ஆலைகளிடம் உச்சநேரத்துக்குக் கூடுதல் கட்டணம் வாங்கும் வாரியம், அதே நேரத்தில் மின்சாரம் கொடுப்பவருக்கு மட்டும் நேரத்தின் மதிப்பை மறுப்பது என்ன கணக்கு?

நம் வீடுகளில் இருக்கும் சாதாரண இன்வெர்ட்டரால் வாரியத்துக்கு மின்சாரம் கொடுக்க முடியாது என்பது சரியான ஆட்சேபம். அது மின்வெட்டுக்காக வாங்கியது. மின்கட்டமைப்போடு ஒத்திசையும் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் லித்தியம் பேட்டரியும் வேண்டும், விலையும் அதிகம். ஆனால் அந்தச் செலவை வீட்டுக்காரர்தான் சுமக்க வேண்டும் என்று விதியில்லை. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் கிரீன் மவுண்டன் பவர் நிறுவனம் 2017 முதல் மாத வாடகைக்கு வீடுகளில் பேட்டரி வைத்து, உச்சநேரத்தில் அதிலிருந்து தானே மின்சாரம் எடுத்துக்கொள்கிறது. வாரியமும் அந்த வழியில் போனால், முதல் பேட்டரியைத் திருவண்ணாமலை மாடவீதியில் ஒரு ஓட்டுவீட்டிலேயே வைக்கலாம்.