யார் சொல்லி வந்தீர்கள்?

சென்னையிலிருந்து திருப்பதி போகிற சாலையில் நகரியைத் தாண்டினால் புத்தூர். அங்கே எலும்புக் கட்டுக்குக் காத்திருப்பவர்கள் நடுவே போய் உட்காருங்கள். கை எப்படி ஒடிந்தது என்று கேட்பதற்கு முன்பே, “யாருண்ணா சொன்னாங்க, இங்க வரச் சொல்லி?” என்று கேட்டுவிடுவார் பக்கத்தில் இருப்பவர். மாமியார் சொன்னார், லாரி டிரைவர் சொன்னார், போன வருஷம் கால் ஒடிந்த எதிர்வீட்டுக்காரர் சொன்னார் என்று ஆளுக்கு ஒரு பதில் வரும். உள்ளே முட்டை வெள்ளைக்கருவும் பச்சிலையும் சேர்த்துத் துணி சுற்றி, மூங்கில் பத்தை வைத்து இறுக்குவார்கள். (இந்தக் கட்டின் மருத்துவத் தகுதி தனி வழக்கு. எலும்பு மருத்துவர்களுக்கு அதில் ஆட்சேபம் உண்டு. இங்கே அதை எடுக்கவில்லை.) கட்டு அவிழ்த்தவர் வாயிலிருந்து கை ஒடிந்தவர் காதுக்குப் போய்த்தான் இந்தச் சிற்றூரின் பெயர் தமிழ்நாடு முழுக்கப் பரவியது.

இன்று எந்த ஊர் பைபாஸிலும் ‘புத்தூர் கட்டு’ என்று ஒரு பலகை தொங்குகிறது. புத்தூரில் கட்டுப் போடும் அசல் குடும்பத்தாரிடம் தொழில் கற்றவர்கள் பலகை மாட்டியவர்களில் எத்தனை பேர், புத்தூர் எந்த மாநிலத்தில் இருக்கிறதென்றே தெரியாதவர்கள் எத்தனை பேர் என்று யார் கணக்கெடுப்பது? சொல்லி அனுப்ப ஆள் இல்லாதவர்கள் பலகையைப் பெரிதாக்கிக்கொண்டார்கள்.

எழுதுகிறவர்களும் இதையே செய்யத் தொடங்கிவிட்டார்கள். புத்தூர், நகரி பக்கத்தில் தமிழ் பேசும் குடும்பங்கள் நிறைய. 1960-ல் திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்தது. புத்தூர் ஆந்திரத்திலேயே நின்றுவிட்டது. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. விசைத்தறி இரைச்சலுக்கு நடுவே செல்பேசியில் தமிழில் எழுதுகிற ஒருவருக்கு அடுத்த தெருவில் வாசகர் கிடைப்பது அரிது. அவருடைய தவிப்பு நமக்குப் புரிகிறது. ஆனால் கேட்காமலே இருநூறு பேரைக் குழுவில் சேர்ப்பது, விடிந்ததும் ரோஜாப்பூப் படத்தோடு தன் இணைப்பையும் தள்ளிவிடுவது, அடுத்தவர் எழுத்தைப் படிக்காமலே பாராட்டிவிட்டுத் தன் கடைக்குக் கூப்பிடுவது எல்லாம் அந்தத் தவிப்பின் பெயரால் நடக்கின்றன.

சில மாதங்களுக்கு முன் நாம் ஓர் இரங்கல் குறிப்பு எழுதினோம். அதன் அடியில் வந்த முதல் வரி: “அருமை! வாழ்த்துகள். தொடருங்கள். என் பக்கத்தையும் பார்க்கவும்.”

இது அநாகரிகம் என்று சொல்லி விட்டுவிட நாம் தயாரில்லை. இது குற்றம். செத்தவரையும் அவமதித்து, எழுதியவரையும் அவமதித்து, படிக்க வந்தவரின் துக்கத்தில் கடை விரிக்கிற வேலை. இயந்திரம் அனுப்பினாலும் மனிதர் அனுப்பினாலும் வந்து விழுவது ஒரே குப்பைதான்.

வணிக அழைப்புக்கும் குறுஞ்செய்திக்குமாவது சட்டம் இருக்கிறது. 1909 என்ற எண்ணில் புகார் கொடுக்கலாம். முன்பு 7 நாளில் 10 புகார் சேர்ந்தால்தான் பதிவில்லாமல் அனுப்பியவர் மேல் நடவடிக்கை. 2025 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அதை 10 நாளில் 5 புகார் என்று மாற்றியது. வாட்ஸ்அப்புக்குள் வருவதற்கு இந்த விதியின் கை எட்டாது. இன்னொன்று, அடுத்தவர் பக்கத்தின் அடியில் இணைப்பை ஒட்டினால் தேடலில் முன்னால் வரலாம் என்ற ஆசைக்கு எதிராக 2005-லேயே கூகுள் ஒரு குறியீட்டைக் கொண்டுவந்துவிட்டது. அந்தக் குறியீடு உள்ள இடத்தில் ஒட்டுவதால் பெரும்பாலும் பாவம்தான் மிச்சம், பலன் கிடையாது.

வாசகரைத் தேடிப் போவதே தவறென்று நாம் சொல்லவில்லை. எழுத்தாளர் சி.சு.செல்லப்பா 1959 ஜனவரியில் ‘எழுத்து’ பத்திரிகையைத் தொடங்கியபோது இரண்டாயிரம் பிரதிக்கு மேல் அச்சடிப்பதில்லை என்று அறிவித்தார். புத்தகங்களைத் தானே சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். அவரும் ஒரு வகையில் வாசல் தட்டியவர்தான். ஆனால் மூட்டையோடு எதிரே வந்து நின்றவரிடம் “வேண்டாம், ஐயா” என்று முகத்துக்கு நேராகச் சொல்ல முடிந்தது. சொன்னால் அவரும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போய்விடுவார். நம் பையில் அவர் எதையும் திணிக்கவில்லை. மறுக்க இடம் விட்டவரையும் விடாதவரையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

தீர்ப்பு இதோடு முடிந்தால் வாசகருக்கு வசதியாக இருக்கும். அவரையும் கூண்டில் ஏற்ற வேண்டியிருக்கிறது. பொய் வைத்தியத்தையும் கலவரப் புரளியையும் ஒரு நொடியில் நாற்பது பேருக்குத் தட்டிவிடுகிற அதே விரல், நல்ல கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டால் ஏன் மடங்கிக்கொள்கிறது? கட்டு அவிழ்த்தவர்கள் எல்லோரும் இப்படி வாயை மூடிக்கொண்டிருந்தால் புத்தூரின் பெயர் பக்கத்து ஊரான நாராயணவனத்தைக்கூடத் தாண்டியிருக்காது.

அந்த வாழ்த்து வரியை நீக்கிவிட்டோம். நீக்கும் முன், எரிச்சலில், அந்த இணைப்பைத் தட்டிப் பார்த்தோம். அறுந்த பாவு இழையை, தறி நின்ற நொடியில் இரண்டு விரலால் முடிச்சுப் போடுகிற ஒரு பெண்ணைப் பற்றிய கட்டுரை. நான்கு பக்கம், ஒரு சொல் மிகையில்லை. எழுதி ஆறு மாதம் ஆகியிருந்தது. அதற்குள் யாராவது ஒருவர் நம்மிடம் சொல்லியிருக்கலாம்.