ஆடிட்டர் சித்தப்பா இல்லாதவர்களுக்கு

பி.காம். வகுப்புகளில் அடிக்கடி கேட்கிற வசனம் ஒன்று உண்டு. "சங்கத்துல சேர்ந்து என்னத்தக் கிழிக்கப் போற? காசு கட்டுவ, கார்டு தருவாங்க, சமோசா சாப்பிட்டுட்டு வருவ. அந்த நேரத்துல நாலு கணக்கு போட்டா பாஸாவது ஆகலாம்." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதைச் சொல்பவர் யார் என்று கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

சொல்பவரின் சித்தப்பா ஆடிட்டராக இருப்பார். அல்லது அப்பாவின் நண்பர் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவுத் தலைவராக இருப்பார். ஆர்ட்டிகிள்ஷிப் எந்த ஆபீஸில் சேர்ந்தால் உருப்படியான வேலை கிடைக்கும், எங்கே இரண்டு வருடமும் வவுச்சர் டிக் அடித்தே கழியும் என்பதெல்லாம் அவருக்கு வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலேயே தெரிந்துவிடும். அவரும் ஒரு சங்கத்தில்தான் இருக்கிறார். அதற்குக் குடும்பம் என்று பெயர், அவ்வளவுதான்! அவர் பேச்சைக் கேட்டு, வீட்டில் முதல் முறையாகக் கல்லூரிக்கு வந்தவரும் "ஆமா, சங்கம் வேஸ்ட்" என்று தலையாட்டுவதுதான் கொடுமை. மளிகைக் கடைக்காரர் மகளுக்கும் தறி ஓட்டுபவர் மகனுக்கும் அந்த மேஜை கிடையாது. அவர்களுக்குத்தான் சங்கம் தேவை.

இது வெறும் உணர்ச்சிப் பேச்சு இல்லை. மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1973-ல் ஒரு கட்டுரை எழுதினார். பாஸ்டன் அருகே, தெரிந்தவர் மூலமாக வேலை மாறியவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி சந்திப்பீர்கள் என்று கேட்டிருந்தார். அடிக்கடி என்றவர்கள் சுமார் 17 சதவீதம்தான். எப்போதாவது என்றவர்கள் 55 சதவீதத்துக்கும் மேல், மிக அரிதாக என்றவர்கள் சுமார் 28 சதவீதம். காரணம் எளிது. நெருங்கிய நண்பனுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் முன்பே தெரிந்திருக்கும். புதுச் செய்தி அரைகுறைப் பழக்கத்தில்தான் வரும். மாதம் ஒரு முறை பக்கத்து நாற்காலியில் உட்காரும் முன்பின் தெரியாத மனிதரைச் சந்திக்க, சங்கக் கூட்டத்தை விட்டால் ஒரு மாணவனுக்கு வேறு இடம் எது?

அடுத்த வாதம் பாடத்தைப் பற்றியது. "எல்லாம் நெட்டில் இருக்கிறது." இருக்கிறது. ஆனால் 1961-ம் ஆண்டு வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாக 2025-ல் புதிய சட்டம் நிறைவேறியது. 536 பிரிவுகள். 80சி என்று தூக்கத்திலும் சொன்னவர்கள் இப்போது 123 என்று பழகவேண்டும். இப்படி ஒரு மாற்றம் வரும்போது நாற்பது வருட ஆடிட்டரும் நேற்று சேர்ந்த ஆர்ட்டிகிளும் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டியதுதான். 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்தபோதும் இதே கதை. சட்டத்தில் எழுதியிருப்பதை நெட்டில் படிக்கலாம். அதை வைத்துக்கொண்டு ஈரோட்டு ஜவுளி வியாபாரிக்கு என்ன பதில் சொல்வது என்பது ஸ்டடி சர்க்கிளில், நாலு பேர் சண்டை போடும்போதுதான் புரியும்.

சங்கங்களில் குறையே இல்லையா? நிறைய இருக்கிறது. பொன்னாடை, வரவேற்புரை, நன்றியுரை போக மிஞ்சுவது அரை மணி நேரம். தேர்தல் வந்தால் கோஷ்டி. தொடர் கல்வி மணிக்கணக்குக்காக வந்து கடைசி வரிசையில் தூங்குகிறவர்கள். இதைவிடப் பெரிய குறைகளும் உண்டு. இங்கிலாந்தின் பட்டயக் கணக்காளர் சங்கம், பெண் என்ற ஒரே காரணத்துக்காக மேரி ஹாரிஸ் ஸ்மித்தைப் பல வருடங்கள் வெளியே நிறுத்தி, 1920-ல்தான் உள்ளே விட்டது. இந்தியாவில் 2009 சத்யம் மோசடிக்குப் பிறகு, தணிக்கையாளர்களைத் தணிக்கையாளர் சங்கமே விசாரித்தால் போதுமா என்ற கேள்வி பலமாக எழுந்தது. 2018-ல் அரசு என்.எஃப்.ஆர்.ஏ. என்ற தனி ஆணையத்தையே அமைத்தது.

ஆனால் குறையைச் சொல்லி வெளியே நிற்பவரால் எது மாறியது? சென்னையின் ஆர். சிவபோகம் விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர். 1933-ல் இந்தியாவின் முதல் பெண் கணக்காளர் ஆனார். "ஆண்கள் கூட்டம், நமக்கு எதற்கு?" என்று அவர் ஒதுங்கியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. அவர் ஒதுங்கவில்லை. 1949-ல் உருவான பட்டயக் கணக்காளர் கழகத்தின் தென்னிந்திய மண்டலக் குழுவுக்கு 1955 முதல் 1958 வரை தலைவராகவே இருந்தார்.

ஒரு எச்சரிக்கையும் அவசியம். சங்கம் என்று பெயர் வைத்ததெல்லாம் சங்கம் இல்லை. பணம் கட்டினால் போதும், பெயருக்குப் பின்னால் நாலு எழுத்து போட்டுக்கொள்ளலாம் என்கிற கடைகள் ஏராளம். அடையாளம் காண மூன்று கேள்வி போதும். உள்ளே வரத் தேர்வோ தகுதியோ உண்டா? தவறு செய்தவரை வெளியேற்றும் அதிகாரம் உண்டா? உள்ளூரில் கூட்டம் நடக்கிறதா? மூன்றுக்கும் இல்லை என்றால் அந்தக் காசுக்குப் புத்தகம் வாங்கலாம்.

சரியான சங்கத்திலும் பயோடேட்டாவில் ஒரு வரி சேர்ப்பதற்காகச் சேர்ந்தால், கேன்டீன் வசனம் சொல்வது உண்மையாகிவிடும். கார்டும் சமோசாவும்தான் மிச்சம். சி.ஏ. மாணவர்களுக்கு தென்னிந்தியாவில் சிகாசா இருக்கிறது. கோவை, மதுரை, திருச்சி, சேலம் என்று கழகத்துக்குக் கிளைகள் இருக்கின்றன. அங்கே போய் நாற்காலி எடுத்துப் போடுபவன், பேச்சாளரை ஸ்டேஷனில் அழைத்து வருபவள், ஒரு தலைப்பில் பத்து நிமிடம் தட்டுத் தடுமாறிப் பேசுபவன், இவர்கள் பெயர்தான் சீனியர்களுக்கு நினைவிருக்கும். ஆபீஸில் ஆள் தேவைப்படும்போது நினைவில் இருக்கும் பெயரைத்தானே சொல்வார்கள்?

சித்தப்பா இருப்பவர்கள் சங்கத்தைக் கிண்டல் செய்யட்டும், அவர்களுக்கு அது கட்டுப்படியாகும். இல்லாதவர்கள் அடுத்த கூட்டம் எந்தத் தேதியில் என்று பார்ப்பது நல்லது.