மஞ்சள் இறங்கினால் நோய் தீர்ந்ததா?

மஞ்சள் காமாலை கண்டவரின் வீட்டார் மருத்துவரிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் நிறத்தைச் சுற்றியே அமைகின்றன: மஞ்சள் எப்போது இறங்கும், விரைவாக இறக்க மருந்து உண்டா, அதுவரை எதையெல்லாம் தவிர்க்க வேண்டும் என்பன அவை. காமாலையோ, காய்ச்சலைப் போலவே, பல நோய்களுக்குப் பொதுவான அறிகுறி. ஏறக்குறைய 120 நாள் வாழ்ந்து சிதையும் சிவப்பணுக்களிலிருந்து உண்டாகும் பிலிரூபின் என்னும் மஞ்சள் நிறமியைக் கல்லீரல் பக்குவப்படுத்திப் பித்தநீர் வழியாகக் குடலுக்கு அனுப்புகிறது. இப்பணி எங்கேனும் தடைபட்டு, இயல்பாக டெசிலிட்டருக்கு 1 மில்லிகிராம் அளவில் இருக்கும் பிலிரூபின் இரத்தத்தில் ஏறத்தாழ 3 மில்லிகிராமை எட்டும்போது, கண்ணின் வெண்பகுதி மஞ்சளாகத் தெரியத் தொடங்குகிறது. தடைக்கான காரணத்தைப் பொறுத்தே சிகிச்சை அமையும் என்பதால், முதலில் கேட்கத்தக்க கேள்வி 'ஏன் வந்தது' என்பதே.

இந்தியாவில் அதிகம் காணப்படும் காரணங்களில் முதன்மையானவை, கழிவு கலந்த நீராலும் உணவாலும் பரவும் ஹெபடைடிஸ் ஏ, ஹெபடைடிஸ் ஈ என்னும் இரு வைரஸ்கள். யமுனை நீரில் கழிவு கலந்ததால் 1955-56ஆம் ஆண்டுகளில் டெல்லியில் சுமார் 29,000 பேருக்குக் காமாலை கண்டதும் இவற்றில் பின்னதால்தான் எனப் பிற்காலத்தில் உறுதியானது. இவ்வகைக் காமாலை, கர்ப்பத்தின் இறுதி மாதங்களில் இருக்கும் பெண்களுக்கு உயிராபத்தாகக்கூடும் என்பதை விட்டுவிட்டால், பெரும்பாலோருக்கு உடலின் எதிர்ப்பாற்றலாலேயே சில வாரங்களில் நீங்கிவிடுகிறது. எனவே அந்த வாரங்களில் எதைக் கொடுத்தாலும், மந்திரித்துக் காமாலை இறக்கினாலும்கூட, குணமான பெருமை அதற்கே போய்ச் சேர்கிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான்.

கீழாநெல்லியையும் இந்த வரிசையில் வைத்து ஒதுக்கிவிடலாமா என்றால், அவ்வளவு எளிதாக முடியாது. ஏனெனில் அது முறையாகச் சோதிக்கப்பட்ட மூலிகை. ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்ததற்காக 1976இல் நோபல் பரிசு பெற்ற பரூச் பிளம்பெர்க்கும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவினரும் இணைந்து, 1988இல் 'லான்செட்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அந்த வைரஸை உடலில் நிரந்தரமாகச் சுமந்தவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடியை 30 நாள் கொடுத்தபோது, 37 பேரில் 22 பேரின் இரத்தத்திலிருந்து வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்தது. மருந்தற்ற போலி மாத்திரை பெற்ற 23 பேரில் ஒருவருக்கே அப்படி நேர்ந்தது. உலகமே திரும்பிப் பார்த்த இம்முடிவு, பின்னர் தாய்லாந்திலும் நெதர்லாந்திலும் நடந்த ஆய்வுகளில் கிட்டவில்லை. ஒரு மரபு மருந்தைச் சோதனைக்கு உட்படுத்தியது போற்றத்தக்க செயல். ஆனால் முதல் முடிவை மட்டும் விளம்பரங்களில் உலவவிட்டுப் பின்வந்தவற்றை மறைப்பது, அச்சோதனையின் நேர்மைக்கே இழைக்கும் அநீதி.

நாட்டு மருந்தால் நேரும் பெருந்தீங்கு, பல வேளைகளில் அதன் நச்சுத்தன்மையைவிட அது விழுங்கும் காலத்தால் வருவது. பித்தநாளத்தில் கல்லோ கட்டியோ அடைத்துக் காமாலை வந்தால், மலம் வெளிறி, சிறுநீர் கறுத்து, உடலெங்கும் அரிப்பெடுக்கும். இந்த அடைப்பை எந்த இலைச்சாறும் நீக்காது, அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் அதைத் தொடரும் எண்டோஸ்கோப்பியோ அறுவையோதான் வழி. காசநோய் மாத்திரைகளால் காமாலை வந்தவர் உடனே மருத்துவரிடம் சென்று மருந்தை மாற்றிக்கொள்ளாமல் பத்தியம் இருந்தால், கல்லீரலே செயலிழக்கக்கூடும்.

பத்தியத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சாதாரண வைரஸ் காமாலையில் மதுவை விலக்குவது கட்டாயம்; உப்பையும் எண்ணெயையும் முற்றாக விலக்க வேண்டிய தேவை கிடையாது. கல்லீரல் சுருக்கம், அதாவது திசு தழும்பேறி இறுகிப்போகும் நிலை, முற்றி வயிற்றில் நீர் கோத்தவருக்கு உப்பைக் குறைப்பது அவசியம்தான். அவருக்கும் முட்டை, பருப்பு போன்ற புரத உணவை நிறுத்தினால் தசை கரைந்து நோய் மேலும் மோசமாகும்.

பிலிரூபின் எண்ணை மட்டும் பார்ப்பதும் இதே வகைப் பிழை. இரத்தம் உறையத் தேவையான புரதங்களைக் கல்லீரலே உருவாக்குவதால், உறைவதற்கு ஆகும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். என்னும் அளவே அதன் உண்மையான திறனைச் சொல்கிறது. பிலிரூபின் 15 இருந்தும் இந்த அளவு இயல்பாக உள்ளவரைவிட, பிலிரூபின் 6 மட்டுமே இருந்து இந்த அளவு ஏறிக்கொண்டும் பேச்சு குழறிக்கொண்டும் இருப்பவரே பெரிய ஆபத்தில் இருக்கிறார்.

மஞ்சள் முழுதாக இறங்கிய பிறகும் முடியாத கதை ஹெபடைடிஸ் பி. மேலுறைப் புரதம் 6 மாதங்களைக் கடந்தும் இரத்தத்தில் தங்கியிருந்தால் தொற்று நாள்பட்டதாகிவிட்டது என்று பொருள். அப்படிப்பட்டவருக்கு எந்தத் தொந்தரவும் இல்லாமலேயே பல ஆண்டுகள் கழித்துக் கல்லீரல் சுருக்கமோ புற்றுநோயோ வரக்கூடும். வைரஸ் பெருகுவதை அடக்கி வைக்கும் டெனோபோவிர் மாத்திரை, 2018இல் தொடங்கிய தேசிய வைரஸ் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ் இலவசமாகக் கிடைக்கிறது. அவருடைய மனைவியோ கணவரோ பிள்ளைகளோ பரிசோதனை செய்துகொள்வதும், தொற்று இல்லாதவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்வதும், அக்குடும்பத்தில் பிறக்கும் குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் முதல் தவணை கிடைப்பதும் அந்தச் சிகிச்சையின் பகுதிகளே.