கம்ப்யூட்டர் மேடைக்கு அடியில் தண்ணீர் வேண்டாம்

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் கடையைக் கழுவி விடுவது நமது வியாபாரத்தோடு கூடவே வந்த வழக்கம். மூட்டைகளை ஒதுக்கி, நாலு குடம் தண்ணீரைக் கொட்டித் தேய்த்து, வாசலுக்குத் தள்ளினால்தான் நமக்குத் திருப்தி. தராசும் கணக்குப் புத்தகமும் மட்டுமே இருந்த காலத்தில் இதில் ஒரு குறையும் இல்லை. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு சின்ன மளிகைக் கடையில்கூட கம்ப்யூட்டர், பிரிண்டர், யு.பி.எஸ்., எலெக்ட்ரானிக் தராசு, கேமரா என்று வரிசையாக ஏறிவிட்டன. அத்தனை வயரும் கல்லா மேடையின் பலகைக்கு அடியில்தான் கிடக்கிறது. கழுவும் முறையை மட்டும் நாம் மாற்றவில்லை.

பெரிய வங்கிகளின் கம்ப்யூட்டர் அறைகளிலும் ஏறக்குறைய இதே அமைப்புத்தான். இரும்புக் கால்களின் மேல் இரண்டடிச் சதுரப் பலகைகளைப் பாவி, அடியில் வயர்களை ஓட்டியிருப்பார்கள். அந்தத் தளத்தை யாரும் கழுவ மாட்டார்கள். மேலே, நன்றாகப் பிழிந்த துணியால் துடைப்பதோடு சரி. அடியில் சுத்தம் செய்ய வேண்டுமானால் ஒரு நேரத்தில் சில பலகைகளை மட்டும் தூக்கி, தூசு உறிஞ்சும் மெஷினால் எடுப்பார்கள். வயரிங் தெரிந்த ஆள் பக்கத்தில் நிற்பார். பலகையின் அடியில் பூசிய துத்தநாக முலாமிலிருந்து மயிரிழைபோல உலோக நார்கள் வளர்ந்து, தட்டும்போது பறந்து கம்ப்யூட்டருக்குள் புகுந்து அதைக் கெடுப்பதும் உண்டாம். அந்தக் கவலை நமக்கு வேண்டாம். நமக்கு எலி இருக்கிறது.

நமது மேடைக்கு அடியில் இருப்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கல்வராயன் மலைப் புளியின் பிசுக்கு, வெல்லத் துணுக்கு, சிந்திய கல்லுப்பு, மிளகாய்த் தூள். நடுவே எலி கடித்த வயரும், டேப் சுற்றிய ஒட்டும், தரையோடு கிடக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸும். உப்புக் கரைந்த தண்ணீர் சாதாரணத் தண்ணீரைவிட நன்றாக மின்சாரத்தைக் கடத்தும். அதில் வெறுங்காலோடு, கையில் ஈரத் துடைப்பத்தோடு நிற்பவர் நம் கடைச் சிப்பந்தி.

"மெயினை ஆஃப் செய்துவிட்டுத்தானே கழுவுகிறோம்" என்று பலரும் சொல்கிறார்கள். ஆபத்தே இந்த நம்பிக்கையில்தான் இருக்கிறது. மெயினை நிறுத்தியதும் யு.பி.எஸ். கரண்ட் போய்விட்டது என்று எண்ணி, பேட்டரியிலிருந்து அதே 230 வோல்ட்டைக் கம்ப்யூட்டர் வயரில் அனுப்பத் தொடங்கிவிடும். இன்வெர்ட்டரும் அப்படியே. விளக்கு அணைந்திருக்கும், மேடைக்கு அடியில் உயிர் இருக்கும். ஆகவே யு.பி.எஸ்., இன்வெர்ட்டர் இரண்டையும் அவற்றின் சொந்த ஸ்விட்சிலேயே நிறுத்தி, பிளக்குகளைக் கழற்றிய பிறகே மேடைப் பக்கம் ஆள் போக வேண்டும். பல பேட்டரிகளைத் தொடராக இணைத்த பெரிய யு.பி.எஸ். வைத்திருக்கும் மண்டிக்காரர்கள், அதை நிறுத்தியிருந்தாலும் பேட்டரிப் பக்கம் துடைப்பத்தைக் கொண்டு போக விடக்கூடாது.

எம்.சி.பி. இருப்பதால் பயமில்லை என்பதும் சரியல்ல. அது வயர் எரியாமல் காக்கும் கருவி. விழுவதற்குப் பல ஆம்பியர் வேண்டும். மனிதன் உயிர் போக ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கே போதும். மனிதனைக் காப்பது 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே விழுந்துவிடும் ஆர்.சி.சி.பி. விலை இரண்டு சிப்பம் அரிசிக்கு மேல் போகாது. ஆனால் யு.பி.எஸ். பேட்டரியில் ஓடும்போது மெயின் பக்கத்து ஆர்.சி.சி.பி. அதன் வயருக்குக் காவல் இல்லை. அந்தப் பக்கத்துக்குத் தனியாக ஒன்று தேவையா என்று லைசென்ஸ் பெற்ற எலெக்ட்ரீஷியனிடம் கேட்டுக்கொள்ளுங்கள். டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்கவும் மறக்க வேண்டாம்.

மேடைக்கு அடியில் உலர்ந்த சுத்தம் போதும். காய்ந்த மென்மையான பிரஷ், பிளாஸ்டிக் மூக்கு வைத்த தூசு உறிஞ்சி. ஊதும் மெஷின் மட்டும் கூடாது, மாவுத்தூசு கம்ப்யூட்டர் ஃபேனுக்குள் போய்விடும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தரையிலிருந்து எடுத்துச் சுவரில் ஓரடி உயரத்தில் அடித்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. கடையின் மற்ற பகுதியைக் கழுவுங்கள், யார் வேண்டாமென்றது? தண்ணீர் மேடைக்குள் போகாதபடி குறுக்கே சாக்கைச் சுருட்டி வைத்தால் ஆயிற்று.

அஜாக்கிரதையால் ஓர் உயிர் போனால் 2024 ஜூலை முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆவது பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. பழைய சட்டத்தில் அது இரண்டு ஆண்டுதான். இதைச் சொல்வது பயமுறுத்த அல்ல. "அந்தப் பையன் கவனமாக இருந்திருக்க வேண்டும்" என்று முதலாளி கை கழுவ முடியாது என்பதற்காக.

ஆயுத பூஜைக்குப் பதினைந்து நாள் முன்பே லைசென்ஸ் பெற்ற எலெக்ட்ரீஷியன்கள் இருவரை அமர்த்தி, கடைத்தெருவில் ஒவ்வொரு கல்லா மேடையின் பலகையையும் தூக்கிப் பார்க்கச் சொல்ல நமது சங்கம் ஏற்பாடு செய்யலாம். கூலியைக் கடைக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொண்டால் பெரிய பாரமில்லை. அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும் என்பது என் கோரிக்கை.