செல்லம்மாள் உலை வைத்த வீடு

சென்னைக்குப் போனால் கடற்கரை, துணிக்கடை, கோயில் என்று மூன்றோடு திரும்பி விடுகிறோம். திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயிலுக்குப் போகிற சகோதரிகள், பக்கத்திலேயே துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவுக்கும் ஓர் எட்டு போய் வாருங்கள். மகாகவி பாரதியார் கடைசியாகக் குடியிருந்த வீடு அங்கேதான் இருக்கிறது. அந்த நாளில் அது வாடகை வீடு. 1993-இல் தமிழக அரசு வாங்கிச் செப்பனிட்டு, 'பாரதியார் இல்லம்' என்று நினைவகமாக்கியது.

உறவில் ஒரு கல்யாணத்துக்குப் போன சமயம் நானும் மகளும் போய்ப் பார்த்தோம். அவள் ஒவ்வொரு படமாக நின்று பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்கோ, இந்த வீட்டில் அடுப்படி எந்தப் பக்கம் இருந்திருக்கும் என்றே யோசனை ஓடியது. பழக்க தோஷம்!

"ஏம்மா, யானை தள்ளித்தானே அவர் செத்துப் போனாரு?" என்றாள்.

"இல்ல அம்மணி" என்றேன்.

நம்மில் பலரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். 1921-இல் கோயில் யானை தள்ளியது உண்மை. குவளைக் கண்ணன் பாய்ந்து போய்க் காப்பாற்றினார். அதிலிருந்து தேறி, ஜூலை கடைசியில் நம் ஈரோட்டுக்கே வந்து, கருங்கல்பாளையம் வாசகசாலையில் பேசியிருக்கிறார் பாரதியார். பேச்சின் தலைப்பு 'மனிதனுக்கு மரணமில்லை'. பிறகுதான் வயிற்றுக்கடுப்பு பிடித்துக்கொண்டது. ஏற்கெனவே மெலிந்த உடம்பு. இன்று மருந்துக் கடையில் சாதாரணமாகக் கிடைக்கிற உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் அப்போது ஏது? செப்டம்பர் 11 நள்ளிரவு தாண்டி, இந்த வீட்டில் உயிர் போயிற்று. 39 வயதுகூட நிறையவில்லை.

செல்லம்மாளுக்கு அப்போது 31 வயதுதான். ஏழு வயதில் கல்யாணம். 1908-லிருந்து 1918 வரை புதுச்சேரியில் பத்து வருஷம், நிலையான வருமானமில்லாத குடித்தனம். உலைக்கு வைத்திருந்த அரிசியைக் கணவர் குருவிகளுக்கு இறைத்தார் என்ற கதை நம் எல்லோருக்கும் தெரியும். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. கொதிக்கிற உலையின் முன்னால் நின்றவளுக்கு? எங்கள் திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு ஆர்டர் இல்லாத மாதங்களில், சனிக்கிழமைச் சம்பளம் பாதியாகிவிட்டால், மறுநாள் மளிகைக் கடைக்காரர் முகத்தில் விழிக்கவே கூசும். அப்படி ஒரு மாதம் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு அந்த அரிசியின் அருமை தெரியும்.

இத்தனைக்கும் அந்த அம்மாள் ஓய்ந்து உட்கார்ந்துவிடவில்லை. கைம்பெண் என்றால் வீட்டு மூலைதான் என்றிருந்த காலம் அது. கணவர் மறைந்த மறு வருஷமே, 1922-இல், 'பாரதி ஆசிரமம்' என்ற பெயரில் 'சுதேச கீதங்கள்' புத்தகத்தை வெளியிட்டார். 1949-இல் அரசு பாரதி பாடல்களின் உரிமையை வாங்கிப் பொதுச்சொத்தாக்கியபோது அவர் உயிரோடு இருந்தார். 1951-இல் திருச்சி வானொலியில் 'என் கணவர்' என்று பேசவும் செய்தார். கிடைத்தால் அந்தப் பேச்சைத் தேடிப் படியுங்கள். 1955-இல் காலமானார்.

இதையெல்லாம் ரயிலில் வரும்போது மகளுக்குச் சொன்னேன். புதுச்சேரியில் அவர்கள் இருந்த வீடும், ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் நினைவகமாக இருக்கிறது. ஆனால் அது தொலைவு, செலவும் ஆகும். ஈரோடு எங்களுக்கு ஒரு மணி நேரப் பயணம்தானே!

"அடுத்த ஞாயித்துக்கிழமை கருங்கல்பாளையம் போலாங்களாம்மா?" என்கிறாள். புளிசாதம் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.