பிள்ளைகளின் தூரிகை

மன்னார் பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரத்தை வரைய விரும்பாத பிள்ளையும் உண்டோ? சுற்றளவு 19.5 மீற்றர் என்று அளக்கப்பட்ட அம்மரத்தின் அடியைத் தீட்டப் பருத்த தூரிகை வேண்டும்; இலையுதிர்ந்த சிறு கிளைகளுக்குக் கூரிய நுனி வேண்டும். தொடக்கத்திற்கு இவ்விரண்டே போதும். பன்னிரண்டு தூரிகைகள் அடங்கிய மலிவுப் பெட்டியை நாம் விரும்புவதில்லை. அவற்றின் மயிர் உதிர்ந்து படத்திலே ஒட்டிக்கொள்ளும். கடையிலேயே தூரிகையை நீரில் தோய்த்து ஒருமுறை உதறிப் பாருங்கள். நுனி தானாகக் கூடினால் வாங்கலாம்.

தீவின் உப்புக்காற்று தூரிகைக்குப் பகை. மயிரைப் பற்றியிருக்கும் தகரக் குழல் ஈரத்தோடு கிடந்தால் துருவேறும். உவர்க் கிணற்று நீரில் கழுவினாலும் இறுதியில் நன்னீரில் அலசுதல் நன்று. வெந்நீர் கூடாது, உள்ளிருக்கும் பசை இளகிவிடும். பின்னர் நுனியை விரலாற் கூராக்கி, நிழலிற் கிடத்தி உலர்த்துக. நீர்க் குவளையில் தலைகீழாக நிறுத்தி வைத்தலோ பெருந்தவறு. நுனி வளையும், பிடியும் ஊறிப்போகும்.

எம் வீட்டுச் சிறுமி வரைந்த கிளைகள் தடித்துவிட்டன என்று ஒருநாள் அவளைக் கடிந்துகொண்டோம். அவள் அழுகையோடு தூரிகையை நீட்டினாள். முந்திய வாரம் அதனைக் குவளையில் நிறுத்தி மறந்தவர் நாமே.